“ஒரு வாய் சாப்பிட்டா என்ன?” – இந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துவோம்



பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் காரமாகவும் இருக்கும். அன்னதானப் பந்தியில் உங்களுக்குப் பரிமாறும் தொண்டூழியர்கள் நாங்கள்தான் எழுதுகிறோம். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

எங்கள் குழுவில் மூன்று பேர் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மடப்பள்ளியில் சமைக்கும் ஒரு அக்கா. பந்தல் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் ஒரு தங்கச்சி. பெயர் போடவில்லை. மூவரும் படித்துப் பார்த்து, “போடுங்க”ன்னு சொன்ன பிறகுதான் போடுகிறோம்.

ஆபரேஷன் வலியை மூவருமே தாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நம்ம ஆலய வளாகத்தில் காதில் விழுந்த பேச்சைத்தான் தாங்க முடியல. தங்கச்சி ஐந்து மாதமாக வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரவில்லை. “சாமியைப் பார்க்க ஆசையா இருக்கு, ஆனா சனங்களைப் பார்க்க பயமா இருக்கு”ன்னு சொல்றாங்க. இதைக் கேட்ட பிறகும் நாங்க சும்மா இருக்கணுமா?

நீங்கள் சொன்ன வார்த்தைகளையே ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறோம்.

“வாயைக் கட்ட முடியாதவங்க போற குறுக்கு வழி”

இது முதல் வார்த்தை. ரொம்பப் பேர் சொல்றது.

குறுக்கு வழி எப்படி இருந்ததுன்னு கேளுங்க. அக்காவுக்குச் சர்க்கரை நோய் பல வருஷமா. இன்சுலின் ஊசி. ஆபரேஷன் வேணும்னு போய் நின்னவுடனே யாரும் மேசையில் படுக்க வைக்கல. இரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, வாய் வழியா குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை. உணவியல் நிபுணரிடம் பல தடவை. மனநல ஆலோசனையும் உண்டு. அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருந்தது. அதற்கு ஒரு தூக்கப் பரிசோதனை, பிறகு முகமூடி வைத்த மூச்சு இயந்திரத்தோடு தூங்கிப் பழக வேண்டும். சிகரெட்டை அடியோடு விட வேண்டும். “விட்டுட்டேன்”ன்னு வாயால சொன்னா மட்டும் போதாது.

அதற்கப்புறம் ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம். சோறு கிடையாது, ரொட்டி சானாய் கிடையாது, தே தாரிக் கிடையாது. புரதப் பானம், தெளிந்த சூப், தண்ணீர். எதுக்கு இந்த அவதின்னு நினைப்பீங்க. நம்மில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி அது வீங்கிக் கிடக்கிறது. இரைப்பைக்கு மேலே அந்தக் கல்லீரல்தான் மூடியிருக்கிறது. சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டு, கல்லீரலைத் தூக்கிப் பிடித்துத்தான் டாக்டர் வேலை செய்ய முடியும். அது சுருங்கவில்லை என்றால் ஆபரேஷன் ஆபத்தாகிவிடும்.

அந்த இரண்டு வாரத்துக்குள் நம் ஆலயத்தில் ஒரு உபயம் வந்தது. முந்நூறு பேருக்குக் கேசரி. கிளறினது அந்த அக்கா. நெய் வாசனை மூக்கைத் துளைக்குது, அவர் வயிற்றில் இருப்பது காலையில் குடித்த ஒரு கோப்பை பால்மாவு மாதிரி ஏதோ ஒன்று. நைவேத்தியத்தை ருசி பார்க்காமல் சமைப்பது மடப்பள்ளி வழக்கம். ஆனா படையல் முடிந்த பிறகும் அவர் ஒரு கரண்டி தொடவில்லை. பந்தியில் இரண்டாவது தடவை கேசரி கேட்டு வாங்கிய அதே வாய்கள்தான் ஒரு மாதம் கழித்து “வாயைக் கட்டத் தெரியாதவ”ன்னு சொன்னது. அந்த முந்நூறு பேரில் வாயைக் கட்டியது யார்? நீங்களே சொல்லுங்க.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களுக்கு ஏன் திரும்ப ஏறுது? மன உறுதி இல்லாததால் மட்டும் இல்லை. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். பஞ்சம் வந்துடுச்சுன்னு அது நினைக்குது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில்தான் உண்டாகிறது. ‘ஸ்லீவ்’ என்ற ஆபரேஷனில் அந்தப் பகுதியோடு சேர்த்து இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மீதி ஒரு குழாய் மாதிரி இருக்கும். ‘பைபாஸ்’ என்றால் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி அதை நேராகக் குடலோடு இணைப்பார்கள். இரண்டிலும் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, பசியும் சர்க்கரையும் இயங்கும் விதமே மாறுகிறது. அதனால்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் இதை நோய்க்கான சிகிச்சை என்கிறார்கள். அழகு சிகிச்சை என்று சொல்வதில்லை.

ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு என்று 2007-இல் வெளியிட்டார்கள். நம் அக்காவுக்கு இன்று இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. அதையும் அவரா நிறுத்தல, டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். “குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, அடங்கியிருக்கு, அவ்வளவுதான்”ன்னும் சொல்லி அனுப்பினார்.

“சாமி கொடுத்த உடம்பை வெட்டலாமா? விரதம் இருந்தா போதுமே”

சிசேரியனில் பிறந்த பிள்ளையைச் சாமி முன்னாடி கொண்டுவந்து பேர் வைக்கிறோம். இருதய பைபாஸ் முடிந்து வருபவருக்கு அர்ச்சனை செய்து திருநீறு பூசுகிறோம். கண்புரை எடுத்தால் “சாமி கண்ணைத் திறந்துட்டார்”ன்னு சொல்கிறோம். இரைப்பையில் மட்டும் கத்தி பட்டால் தெய்வக் குற்றமா?

விரதம் பெரிய விஷயம். நாங்களும் தைப்பூசத்துக்கு 48 நாள் இருப்பவர்கள்தான். ஆனா விரதம் முருகனுக்காக இருப்பது. எடை இயந்திரத்துக்காக இருப்பது இல்லை. இரண்டையும் குழப்பாதீங்க.

இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்று இருக்கு. ஆபரேஷன் ஆன அண்ணனிடம், “இப்பதான் பசியே இல்லையே, ஒரு வேளை சாப்பாட்டோடு விரதம் இருந்து காவடி எடு”ன்னு சொன்னவங்க இருக்காங்க. நல்ல எண்ணத்தோட சொல்லியிருக்கலாம். ஆனா அது ஆளைப் படுக்க வைக்கிற யோசனை. புதுசா ஆபரேஷன் ஆனவருக்கு ஒரே வேளையில் நாள் முழுக்கத் தேவையானதைச் சாப்பிட வயிற்றில் இடமே கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிட வேண்டும். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேர வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். தண்ணீர் குறைந்தால் மயக்கம், சிறுநீரகத்துக்குக் கேடு. சர்க்கரை மருந்து எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை படீர்னு இறங்கும். முதல் சில வாரங்களுக்குப் பாரம் தூக்கவே கூடாது. காவடி எங்கே, பால்குடம் எங்கே?

சைவம் தாராளமாக இருக்கலாம். பருப்பு, தவ்ஹூ, தெம்பே, தயிர், பன்னீர் என்று நம் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. எப்போது, எவ்வளவு என்பதை அவருடைய உணவியல் நிபுணர் சொல்லட்டும். வயதானவருக்கும் கர்ப்பிணிக்கும் விரதத்தில் விட்டுக்கொடுக்கும் நாம், இவங்களுக்கு விட்டுக்கொடுத்தால் முருகன் கோபிக்க மாட்டார்.

“பிரசாதம்தானே, ஒரு வாய் சாப்பிட்டா என்ன?”

இதுதான் எங்களை எழுத வைத்த வார்த்தை.

ஆபரேஷன் முடிந்த அன்றே எழுந்து நடக்க வைப்பார்கள், காலில் இரத்தம் கட்டக்கூடாதென்று. வயிற்றுக்குள் ஏற்றிய வாயு தோள்பட்டையில் வலிக்கும். தண்ணீரை மருந்து ஊற்றும் சின்னக் கப்பில் 30 மில்லி, 30 மில்லியாகக் குடிக்க வேண்டும். நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் அப்படி ஐம்பது கப். கணக்குப் போட்டுப் பாருங்க, விழித்திருக்கும் நேரம் முழுக்க அதே வேலை. முதல் இரண்டு வாரம் நீர் உணவு. பிறகு அரைத்த உணவு. பிறகு குழைந்த உணவு. சாதாரண உணவுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம். உள்ளே தையல் ஆறும் காலம் அது. அவசரப்பட்டால் பிரிந்து கசியும் ஆபத்தும் உண்டு, அப்படியானால் திரும்ப ஆபரேஷன் அறைதான். வந்த பிறகும் நன்றாக மென்று, மெதுவாக, ஒரு சின்னக் கிண்ணம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

தங்கச்சிக்கு நான்காவது வாரம். அரைத்த உணவு மட்டும். நெய்விளக்கு ஏற்ற வந்த இடத்தில் ஒரு பெரியம்மா “சாமி பிரசாதம், ஒண்ணும் செய்யாது, நல்லா மென்னுக்க”ன்னு வடையைப் பிட்டு வாயிலேயே வைத்துவிட்டார். பெரியவங்க கை, துப்ப முடியுமா? விழுங்கினாங்க. நெஞ்சுக்குள் கல் அடைத்த மாதிரி வலி. பின்பக்கக் கால்வாய் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாங்க. அதைப் பார்த்து “மாசமா இருக்காளா?”ன்னு ஒருத்தர் கேட்டார். கல்யாணம் ஆகாத பிள்ளை. அவங்க ஆலயத்துக்கு வராமல் போனது அன்றிலிருந்து.

அக்காவுக்குச் செய்தது பைபாஸ். பொங்கலன்று அவருக்கு இரண்டரை மாதம். “நீயே சமைச்சது, நீ சாப்பிடலைன்னா எப்படி?”ன்னு சுற்றி நின்று வற்புறுத்தி இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாங்க. பத்து பதினைந்து நிமிஷத்தில் நெஞ்சு படபடப்பு, வேர்வை, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு. இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் வரும் ‘டம்பிங்’ என்ற கோளாறு அது. சமையல் கூடத் தரையில் படுத்துக்கிட்டார். “நடிப்பு”ன்னு ஒரு குரல் வந்தது. யார் என்று எங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டோம்.

அன்பர்களே, மறுத்தவர் வாயில் ஊட்டுவதற்குப் பெயர் அன்னதானம் இல்லை. பசித்தவருக்குக் கொடுப்பதுதான் தானம். வாங்குபவருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பதும் அதில் ஒரு பகுதி. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் பெரும்பகுதி, முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து அளவோடு சாப்பிடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. அதைப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிக் கைதட்டும் நாம், பந்தியில் வந்தவுடன் மறந்துவிடுகிறோமே.

பிரசாதத்தின் புனிதம் அளவில் இல்லை. பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திருநீறு இருக்கிறது, தீர்த்தம் இருக்கிறது, பூ இருக்கிறது. சாமியின் அருள் சர்க்கரைப் பொங்கல் வழியாக மட்டும்தான் வரும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

“முகமே வாடிப்போச்சு, சீக்காளி மாதிரி ஆயிட்டே”

முன்னாடி “ரெண்டு நாற்காலி போடவா?”ன்னு கேட்டவங்கதான் இப்போ இதைச் சொல்றாங்க. குண்டாக இருந்தாலும் பேச்சு, இளைத்தாலும் பேச்சு.

மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். வேகமாக எடை குறையும்போது வருவது. சத்துக் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோருக்குத் திரும்ப வளரும். இது தெரியாமல் அக்காவைப் பார்த்து “என்ன, முடி காணிக்கை கொடுத்துட்டியா?”ன்னு கேட்டுச் சிரித்தார்கள். அவர் அன்றைக்குக் குளியலறையில் எவ்வளவு நேரம் அழுதார் என்பது அவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

உடம்பு மாறும் வேகத்துக்கு மனசு மாறாது. வயிறு நிறைந்துவிடும், நாக்கு கேட்டுக்கொண்டே இருக்கும். நண்பர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்து பேசும் பழக்கம் போகும். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் சாப்பாடுதான் துணை என்று வாழ்ந்தவருக்கு அந்தத் துணை திடீர்னு இல்லை. அந்த நேரத்தில் ஆலயம் துணையாக இருக்க வேண்டாமா?

“பாருங்க, மறுபடியும் உடம்பு போட்டுட்டாங்க”

அண்ணனைப் பற்றிய பேச்சு. முதல் வருஷம் முப்பது கிலோவுக்கு மேல் குறைந்தார். மூன்றாவது வருஷம் ஐந்தாறு கிலோ ஏறியது. இது பலருக்கும் நடப்பது, டாக்டர்கள் எதிர்பார்ப்பதும்கூட. உடல் பருமன் நீண்டகால நோய். ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை, இரத்தப் பரிசோதனை, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேஷன் ஒரு கருவி. மீதி வேலை தினமும் இருக்கு.

முன்பு பத்துமலைப் படியில் பாதிக்கு மேல் ஏற முடியாமல் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். போன தைப்பூசத்தில் 272 படியும் ஏறினார், டாக்டர் சரி என்ற பிறகு. அந்த ஐந்தாறு கிலோவைப் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது மட்டும் படவில்லை.

நாங்கள் ஆள் சேர்க்கவில்லை

தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் போய் ஆபரேஷன் செய்துக்குங்கன்னு நாங்க சொல்லல. இரத்தக் கசிவு, தையல் கசிவு, இரத்தக் கட்டி, பிறகு பித்தப்பைக் கல், சத்துக் குறைவு என்று ஆபத்துகள் உண்டு. எல்லாருக்கும் பொருந்தாது. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 27.5-ஐத் தாண்டினாலே இதைப் பற்றிப் பேசலாம் என்று 2022-இல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் வழிகாட்டியிருக்கின்றன. வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியும் டாக்டரும். செருப்பு வைக்கும் இடத்தில் நின்று பேசும் நாம் இல்லை.

ஆனா ஒரு வேடிக்கை. “ஆபரேஷன் ஆபத்து”ன்னு பயமுறுத்துகிற சிலரே ஆலய வாட்ஸ்அப் குழுவில் “பத்து நாளில் பத்து கிலோ” காப்பித்தூள் விற்கிறார்கள். அந்த மாதிரி பொருட்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010-இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. டாக்டர் பார்த்துச் செய்வது பாவம், பெட்டியில் விலாசம்கூட இல்லாத தூளைக் குடிப்பது புண்ணியமா?

இன்னொரு அண்ணனைப் பற்றியும் சொல்லணும். சிகிச்சைக்குத் தகுதி பெற்று, அரசாங்க மருத்துவமனையில் காத்திருந்து தேதியும் வாங்கியவர். திருவிழா வேலையின்போது நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கிண்டல் செய்ததில் தேதியை ரத்து செய்துவிட்டார். இன்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆபரேஷன் செய்திருந்தால் இது வந்தே இருக்காது என்று நாங்கள் சொல்லமாட்டோம், அது யாருக்கும் தெரியாது. ஆனா அந்த முடிவை அவரும் டாக்டரும் எடுக்கவில்லை. நான்கு பேரின் சிரிப்பு எடுத்தது. அந்த நான்கு பேரில் ஒருவர்கூட டயாலிசிஸ் மையத்துக்குப் போய் அவரைப் பார்க்கவில்லை.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இரண்டிலும் இந்தியர்கள் நிலைமை மோசம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. நம் பந்தியில் உட்காரும் எல்லார் குடும்பத்துக்கும் இது வரும். இன்று அவங்க, நாளை உங்க மகன்.

இனி என்ன செய்யலாம்?

1. பந்தியில் “வேண்டாம்” என்று ஒரு தடவை சொன்னால் போதும். காரணம் கேட்காதீங்க. இலையில் கை மறைத்தால் கரண்டியை எடுத்துக்கொண்டு நகருங்க. பரிமாறும் எங்கள் குழு இதைச் செய்யத் தொடங்கிவிட்டது.

2. பிரசாதத்துக்குச் சின்னக் கப் வைக்கிறோம். முழுத் தொன்னை வேண்டாதவர் அதைக் கேட்டு வாங்கலாம், மூடி போட்டும் தருகிறோம்.

3. உபயகாரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேசரி, பாயாசம், லட்டு மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு இனிப்பு போதும். அந்தக் காசில் சுண்டலும் பருப்பும் கூடட்டும்.

4. தண்ணீர்ப் பந்தலில் சிராப்போடு சேர்த்து நீர்மோரும் வெறும் தண்ணீரும் கட்டாயம் இருக்கட்டும்.

5. யார் உடம்பைப் பற்றியும் ஆலயத்துக்குள் பேச வேண்டாம். புகழ்ச்சியும் வேண்டாம், “எவ்வளவு குறைஞ்சது?” கேள்வியும் வேண்டாம். “வாங்க, நல்லா இருக்கீங்களா?” போதும்.

6. ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருப்பவரைப் பார்க்கப் போனால் பலகாரம் எடுத்துப் போகாதீங்க. திருநீறு எடுத்துப் போங்க. மருத்துவமனைக்குக் காடியில் கூட்டிப் போக ஆள் வேணுமான்னு கேளுங்க. அதுதான் தொண்டு.

இந்தப் பதிவைப் படித்து, “அது யாரு, அந்த அக்கா யாரு?”ன்னு கண்டுபிடிக்க உட்காருவோருக்கு ஒரு வார்த்தை: தயவு செய்து வேண்டாம்.

தங்கச்சியிடம் பேசியிருக்கிறோம். அடுத்த வெள்ளி தேவார வகுப்பைத் திரும்பத் தொடங்கலாமான்னு கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் சொல்லல. வந்தால் எல்லாரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துக்காதீங்க. தட்டு நீட்டாதீங்க. பிள்ளைகள் பக்கத்தில் பாய் விரித்து இடம் விடுங்க, அது போதும்.

ஓம் சரவணபவ.

அன்னதானக் குழுத் தொண்டூழியர்கள்